ஒரே வீடியோ, நாலு இடம்: அப்படியே தூக்கிப் போடலாமா?

ஏதாவது ஒரு கிளப்பில் இருந்தால் இந்த வேலை ஒருநாள் உங்க தலையிலயும் விழும். "ஒரு நிமிஷ வீடியோ ரெடி. இன்ஸ்டால போட்டுடு, யூடியூப்ல போட்டுடு, அப்படியே க்ளாஸ் குரூப்லயும் தட்டி விட்டுடு" என்பார் சீனியர். நாமும் அதே ஃபைலை எல்லா இடத்திலும் ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போயிடுவோம். நானும் அப்படித்தான் செய்தேன். அதனால் ஒரு ஜூனியரோட சால்டரிங் அயர்ன் வீணாப் போச்சு. அந்தக் கதையையும், அதற்குப் பிறகு நாங்க கத்துக்கிட்டதையும்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போறேன்.

நடந்தது என்ன?

எங்க எலெக்ட்ரானிக்ஸ் லேப் அண்ணா சால்டரிங்ல கை தேர்ந்தவர். அயர்ன் முனை கருத்துப் போனால் அதில் ஈயம் ஒட்டாது, உருண்டு உருண்டு கீழே விழும். அதைச் சரிசெய்வது எப்படி என்று 48 விநாடியில் செய்து காட்டினார். சூடான முனையை ஈர ஸ்பாஞ்சில் துடைத்து, உடனே புது ஈயத்தை வைத்து முனை முழுக்கப் பளபளவென்று பூச வேண்டும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசற மாதிரிதான்.

நடுவில் ஒரு எச்சரிக்கையும் சொன்னார். முனையைச் சாண்ட்பேப்பரால் தேய்க்கக் கூடாது. ஏன்னா முனையின் உள்ளே இருப்பது செம்பு, அதன் மேல் மெல்லிய இரும்புப் பூச்சு இருக்கும். தேய்த்தால் பூச்சு போயிடும். அப்புறம் உருகிய ஈயத்தில் இருக்கும் வெள்ளீயம் செம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, முனையில் குழி விழுந்துடும்.

இதை விளக்க, ஒரு பழைய முனையைச் சாண்ட்பேப்பரில் தேய்ப்பது போல 5 விநாடி எடுத்தோம். கீழே இரண்டு வரியில் எழுத்தும் போட்டேன். முதல் வரி: "சாண்ட்பேப்பர் வைத்துத் தேய்க்க". இரண்டாம் வரி: "வேண்டாம்!"

ரீல்ஸில் ஏற்றியதும் நடந்தது இதுதான். எங்க பக்கத்தின் பெயரும் கேப்ஷனும் இரண்டாம் வரியின் மேல் உட்கார்ந்துடுச்சு. "வேண்டாம்" காணாமல் போச்சு. அண்ணாவோட குரலுக்கு மேல் நான் ஒரு ட்ரெண்டிங் பாட்டு வேறு போட்டிருந்தேன். முதலாம் ஆண்டு ஜூனியர் ஒருத்தி அதைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்திருக்கிறாள். அவள் கண்ணுக்குத் தெரிந்தது ரெண்டே விஷயம்: தேய்க்கிற கை, "சாண்ட்பேப்பர் வைத்துத் தேய்க்க" என்ற எழுத்து. மெஸ் பில் போக மிச்சம் பிடித்து வாங்கிய புது அயர்னை எடுத்து நன்றாகத் தேய்த்துவிட்டாள்.

"அக்கா, உங்க வீடியோ பார்த்துதானே செஞ்சேன்?" என்று முனையைக் காட்டினாள். என்னிடம் பதில் இல்லை.

இங்லீஷில் எழுதியிருந்தால் "கூடாது" என்பது முன்னாலேயே வந்திருக்கும். நம்ம தமிழில் மறுப்பு கடைசியில் வரும். வாக்கியத்தின் வால் அறுந்தால் அர்த்தமே தலைகீழாயிடும். ஒரு இடத்துக்குச் செய்த வீடியோவை இன்னொரு இடத்தில் அப்படியே போட்டால் வ்யூஸ் குறையும் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். சொன்ன விஷயமே மாறிப்போகும் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

பாடம் 1: சுத்தமான மாஸ்டர் காப்பி

எழுத்து, பாட்டு, லோகோ எதுவும் இல்லாத ஒரு பிரதியை முதலில் தனியாக எடுத்து வையுங்க. அண்ணா பேசிய ஒலி தெளிவாக இருக்கட்டும். எடிட்டிங் ப்ராஜெக்டையும் அழிக்காதீங்க. ஒவ்வொரு தளத்துக்கும் போகிற வீடியோவை இந்த மாஸ்டரிலிருந்துதான் வெட்டணும். இன்ஸ்டாவில் போட்டதை டவுன்லோட் செய்து யூடியூபில் போடுவது, வாட்ஸ்அப்பில் வந்ததை எடுத்து இன்ஸ்டாவில் போடுவது ரெண்டுமே வேண்டாம். ஏற்றும்போதெல்லாம் தளங்கள் வீடியோவை மறுபடி சுருக்குகின்றன. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து மங்குவது மாதிரி, ஒவ்வொரு சுற்றிலும் தரம் குறையும். டீமுக்குள் அனுப்பணும்னா டிரைவ் லிங்க் அனுப்புங்க, அல்லது வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்புங்க.

இன்னொரு காரணமும் இருக்கு. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தது. ஜூலையில் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது, செப்டம்பரில் ஷார்ட்ஸ் சோதனை முறையில் இங்கே தொடங்கியது. அசல் ஃபைல் கையில் இருந்தவர்கள் அதைப் புது இடத்துக்குக் கொண்டு போக முடிந்தது. எல்லாவற்றையும் செயலிக்குள்ளேயே விட்டு வைத்தவர்களுக்கு அந்த வழி இல்லை. 2021 பிப்ரவரியில் இன்ஸ்டாகிராம், வேறு செயலியின் வாட்டர்மார்க் தெரியும் வீடியோக்களை ரீல்ஸில் குறைவாகப் பரிந்துரைப்போம் என்றும் சொல்லிவிட்டது. ஆக, தளம் எதுவாக இருந்தாலும் நமக்கு வாடகை வீடுதான். பத்திரம் நம்ம பெட்டியில இருக்கணும்.

பாடம் 2: திரையில் நமக்குச் சொந்தமான இடம் எவ்வளவு?

செங்குத்து வீடியோவின் வழக்கமான அளவு 1080 அகலம், 1920 உயரம். ஆனால் அது முழுவதும் நமக்குக் கிடைக்காது. வலது பக்கம் லைக், ஷேர் பட்டன்கள், கீழே பெயரும் கேப்ஷனும் வந்துடும். ரீல்ஸ் விளம்பரம் செய்பவர்களுக்கு மெட்டா சொல்லும் அளவு இது: மேலே 14 சதவீதம், கீழே 35 சதவீதம், இரு ஓரத்திலும் 6 சதவீதம் காலியாக விடணும்.

கணக்குப் போட்டுப் பாக்கலாம் வாங்க. 1920-ல் 14 சதவீதம் சுமார் 269 பிக்சல். 35 சதவீதம் 672. ரெண்டையும் கழித்தால் உயரத்தில் மிஞ்சுவது 979. ஓரங்களைக் கழித்தால் அகலம் சுமார் 950. அதாவது நடுவில் ஏறக்குறைய ஒரு சதுரம், முழுத் திரையில் பாதிகூட இல்லை! முக்கியமான எழுத்து, கை, கருவி எல்லாம் இந்தச் சதுரத்துக்குள் இருக்கட்டும். மற்ற தளங்களின் பட்டன்கள் வேறு வேறு இடத்தில் இருந்தாலும் நடுச்சதுரம் பெரும்பாலும் தப்பித்துவிடும்.

படம் எடுக்கும்போதே இதை மனசில் வையுங்க. கேமராவைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, நாலு பக்கமும் இடம் விட்டு எடுத்தால் பின்னாடி வெட்டுவது சுலபம்.

பாடம் 3: சத்தம் இல்லாமலும் புரியணும், படம் பார்க்காமலும் புரியணும்

லேப், பஸ், நூலகம் என்று பல இடங்களில் நாம் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறோம். முடிந்ததும் வீடியோவை ரெண்டு தடவை சோதிங்க. முதல் தடவை ஒலியை அணைத்து, இரண்டாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு. ரெண்டு தடவையும் விஷயம் புரிந்தால் சரி.

தானாக வரும் தமிழ் சப்டைட்டிலை அப்படியே நம்பாதீங்க, ஒவ்வொரு வரியாகப் படித்துத் திருத்துங்க. சில எடிட்டிங் செயலிகளில் "கொ", "கோ" போன்ற எழுத்துகள் உடைந்து, கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக நிற்கும். எக்ஸ்போர்ட் ஆன பிறகும் ஒருமுறை பார்த்துடுங்க.

எங்க அனுபவத்தில் பிறந்த விதி ஒன்று: "செய்யாதே" என்பதை எழுத்தில் மட்டும் சொல்லாதீங்க. அந்தக் காட்சி மேலேயே பெரிய சிவப்புப் பெருக்கல் குறி போடுங்க. மறுப்பு எழுத்து ஒரே வரியில் இருக்கட்டும், "வேண்டாம்: சாண்ட்பேப்பர்" என்று மறுப்பே முதலில் வரட்டும். இலக்கணம் கொஞ்சம் முறைக்கலாம், முனை பிழைக்கும்.

பாடம் 4: பாக்கறவர் எதுக்கு வந்திருக்கார்?

அண்ணனுக்கு எடுத்த அளவில் தம்பிக்கும் சட்டை தைக்க முடியாது. துணி ஒன்றாக இருக்கலாம், அளவு தனித்தனியாகத்தான் எடுக்கணும். ஒரே மாஸ்டரிலிருந்து நாங்க இரண்டாவது முறை நாலு விதமாக வெட்டினோம்.

ரீல்ஸ்: இங்கே யாரும் சால்டரிங் கற்கணும்னு வருவதில்லை, விரலால் தள்ளிக்கொண்டே போகிறார்கள். அதனால் "வணக்கம், நாங்க இந்த கிளப்" என்ற அறிமுகத்தை வெட்டினோம். கருத்த முனையில் ஈயம் ஒட்டாமல் உருண்டு விழும் காட்சிதான் முதல் விநாடி. மொத்தம் 25 விநாடி.

ஷார்ட்ஸ்: யூடியூபில் தேடி வருபவர்களும் உண்டு. நாளைக்கு லேப் தேர்வு இருக்கும் ஒருவர் அடுத்த வருஷம்கூட இதைத் தேடலாம். அதனால் தலைப்பை அவர் தேடுகிற வார்த்தையிலேயே வைத்தோம்: "சால்டரிங் அயர்ன் முனை கருத்துப் போச்சா? சரிசெய்வது எப்படி". ஷார்ட்ஸ் நீளம் 2024 அக்டோபரிலும், ரீல்ஸ் நீளம் 2025 ஜனவரியிலும் 3 நிமிடம் வரை கூட்டப்பட்டன. அதற்காக இழுக்க வேண்டியதில்லை. சாண்ட்பேப்பர் ஏன் கூடாது என்ற விளக்கத்தை மட்டும் முழுதாக விட்டோம். 55 விநாடி ஆச்சு.

வாட்ஸ்அப் குரூப்: இங்கே இருப்பது நம்மைத் தெரிந்தவர்கள், நாளைக்கே லேபில் நிற்கப் போகிறவர்கள். ஈர்க்கும் ஆரம்பம் தேவையில்லை. வீடியோ சுருங்கிப் போவதால் சின்ன எழுத்துகளை எடுத்துவிட்டு, அண்ணா சொன்ன நாலு படிகளையும் மெசேஜாகத் தட்டச்சு செய்து வீடியோவோடு சேர்த்து அனுப்பினோம்.

லிங்க்ட்இன்: இங்கே வீடியோவைவிட எழுத்துக்கு வேலை அதிகம். இரும்புப் பூச்சு, செம்பு, கரைதல் என்று காரணத்தை ஒரு பத்தி எழுதி, நாங்க செய்த தப்பையும் மறைக்காமல் எழுதினோம். வீடியோ அதற்குத் துணை மட்டும்தான்.

பாடம் 5: பாட்டு கூடவே பயணம் செய்யாது

இன்ஸ்டா கொடுக்கும் பாட்டு நூலகம் இன்ஸ்டாவில் பயன்படுத்தத்தான். அந்தப் பாட்டோடு வீடியோவை யூடியூபுக்கு எடுத்துப் போனால் அங்கே உள்ள கன்டென்ட் ஐடி அதைக் கண்டுபிடித்து, பாட்டின் உரிமையாளர் சார்பில் உரிமைகோரல் வரலாம். ஒரு நிமிடத்துக்கு மேல் நீளும் ஷார்ட்ஸில் அப்படி வந்தால் வீடியோ முடக்கப்படவும் வாய்ப்பு உண்டு. கிளப் கணக்கு பிசினஸ் கணக்காக இருந்தால் இன்ஸ்டாவிலேயே பல பாட்டுகள் கிடைக்காது. மாஸ்டரில் பாட்டு வேண்டாம் என்று முதலில் சொன்னது இதற்காகவும்தான். பாட்டு தேவைப்பட்டால் அந்தந்தத் தளத்திலேயே சேருங்க, பேசுகிற குரலை அமுக்காத அளவுக்கு மட்டும் வையுங்க.

பாடம் 6: எங்கெங்கே போட்டோம் என்று ஒரு பட்டியல்

தப்பு தெரிந்ததும் நான் ரீல்ஸை அழித்தேன். ஆனால் அதே பதிப்பு வாட்ஸ்அப் குரூப்பிலும், ஒரு நண்பனின் ஸ்டேட்டஸிலும், வேறு துறைக் குரூப்பிலும் ஓடிக்கொண்டிருந்தது. யூடியூபில் ஏற்றிய ஃபைலை அதே லிங்க்கில் வேறு ஃபைலாக மாற்ற முடியாது. அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றணும், இல்லையென்றால் திருத்தத்தைப் பின் செய்த கமென்ட்டாகப் போடணும். வாட்ஸ்அப்பில் பிறர் ஃபார்வர்ட் செய்த பிரதியை நம்மால் திரும்பப் பெறவே முடியாது.

அதனால் இப்போ ஒரு ஷீட் வைத்திருக்கோம். எந்த வீடியோ, எந்தப் பதிப்பு, எந்தத் தளம், எந்தத் தேதி, யார் ஏற்றியது. ஐந்தே பத்திகள். ஒரு தப்பு வந்தால் எந்தெந்தக் கதவைத் தட்டணும்னு உடனே தெரியும்.

பாடம் 7: ஒருமுறை கேட்ட அனுமதி எல்லா இடத்துக்கும் ஆகாது

ரீல்ஸின் கீழே ஒருவர், "இந்த அண்ணா தப்பாச் சொல்லித் தர்றார்" என்று எழுதியிருந்தார். அதை அண்ணாவும் பார்த்துவிட்டார். "நான் வேணாம்னுதானம்மா சொன்னேன்?" என்று மட்டும் கேட்டார். வேறு எதுவும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

யோசித்துப் பார்த்தால், லேப் குரூப்பில் போடுவோம் என்றுதான் அவரிடம் கேட்டிருந்தோம். வெளியுலகத்துக்குப் போடுவோம் என்று சொல்லவே இல்லை. அவர் முகமும் குரலும் முன்பின் தெரியாதவர்கள் கையில் போனது எங்க அவசரத்தால். ஒரு வீடியோ புது இடத்துக்குப் போகிறது என்றால் அதில் இருப்பவரும் கூடவே போகிறார். அதனால் ஒவ்வொரு தளத்தின் பெயரையும் சொல்லி அனுமதி கேளுங்க. வெட்டிய பிறகு அவரிடம் காட்டுங்க. தன் பேச்சு சரியாக வந்திருக்கிறதா என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

புதுப் பதிப்புகளை அண்ணாவிடம் காட்டினோம். பொறுமையாக நாலையும் பார்த்தார். ரீல்ஸில் முகம் வேண்டாம், கை மட்டும் போதும் என்றார். அப்படியே மாற்றினோம். அந்த ஜூனியருக்குக் கிளப் காசில் புது முனை வாங்கிக் கொடுத்தோம், அதற்கு ஈயம் பூசிக் கொடுத்தது அண்ணாதான். இப்போ அவள் எங்க வீடியோ டீமில் இருக்கிறாள். எதை ஏற்றுவதற்கு முன்னாலும் சத்தத்தை அணைத்துவிட்டு முதலில் பார்ப்பது அவள் வேலை.

அடுத்த முறை "எல்லாத்துலயும் தட்டி விட்டுடு" என்று யாராவது சொன்னால், ஒரு அரை மணி நேரம் கேளுங்க மக்களே. மாஸ்டரைத் திறந்து, அளவு எடுத்து, வெட்டி, அதில் இருப்பவரிடம் காட்டிவிட்டு ஏற்றுங்க. டீ எங்கேயும் போயிடாது.