தீவிர சிகிச்சையில் இரத்தச் சர்க்கரை

நல்ல உடல்நலமுள்ள ஒருவரின் இரத்தம் முழுவதிலும் கரைந்துள்ள குளுக்கோஸ் ஏறக்குறைய 5 கிராமே, அதாவது ஒரு தேக்கரண்டி அளவு. பெருங்காயம், பெரிய அறுவைச் சிகிச்சை, கடுந்தொற்று ஆகியவற்றுள் ஒன்று நேருமாயின் இவ்வளவு குலைகிறது. அட்ரீனலின், கார்ட்டிசால் முதலிய ஹார்மோன்கள் மிகுதியாகச் சுரந்து, கல்லீரலிலிருந்து குளுக்கோஸை வெளிப்படுத்துகின்றன. இன்சுலினின் செயலும் மங்குகிறது. ஆகவே நீரிழிவு அறவே இல்லாதவருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவில் சர்க்கரை ஏறக்கூடும்.

நீரிழிவு மிகுந்த பகுதிகளில் இப்பிரச்சினை மேலும் கடுமையானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்து, 2023இல் வெளியான கணக்கெடுப்பின்படி, கேரளத்தில் 20 வயது நிரம்பியோருள் 25.5 சதவிகிதத்தினர் நீரிழிவுடையோர். காக்கநாடு போன்ற கொச்சிப் புறநகரிலிருந்து நிமோனியாவுடன் கொண்டுவரப்படும் முதியவர் சர்க்கரைக்கு மருந்து உண்பவரா என்று உறவினரை உடனே வினவுவது இதனாலேயே.

உயர்ந்த சர்க்கரையை எவ்வளவுக்கு இறக்குவது? 2001இல் பெல்ஜிய நாட்டின் லூவென் நகரில் டாக்டர் கிரேட் வான் டென் பெர்க் குழுவினர் 1548 அறுவைச் சிகிச்சை நோயாளிகளிடம் இதனை ஆராய்ந்தனர். ஒரு பிரிவினருக்கு இன்சுலின் செலுத்தி, டெசிலிட்டருக்கு 80 முதல் 110 மில்லிகிராம் என்ற இயல்பான அளவிலேயே சர்க்கரை நிறுத்தப்பட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இறந்தோர் இப்பிரிவில் 4.6 சதவிகிதம், மற்றதில் 8 சதவிகிதம். உலகின் பல மருத்துவமனைகள் இம்முறையைக் கைக்கொண்டன. ஆனால் லூவென் நோயாளிகளுக்குத் தொடக்கத்திலேயே நாளொன்றுக்கு 200 முதல் 300 கிராம் குளுக்கோஸ் நரம்பு வழியே ஏற்றப்பட்டு வந்தது. பிற இடங்களில் அவ்வழக்கம் இல்லை என்பதைப் பலர் கருதவில்லை.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா முதலிய நாடுகளில் 6104 நோயாளிகளிடம் நடந்த ‘நைஸ்-சுகர்’ ஆய்வு 2009இல் நேர்மாறான முடிவைத் தந்தது. கண்டிப்பாகக் குறைக்கப்பட்டோரில் 27.5 சதவிகிதத்தினர் 90 நாட்களுக்குள் இறந்தனர். 180க்கு மேற்போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளப்பட்டோரில் 24.9 சதவிகிதத்தினர். சர்க்கரை 40 அல்லது அதற்கும் கீழே வீழ்ந்தோர் முறையே 6.8, 0.5 சதவிகிதம். இவ்வீழ்ச்சியே பெரும் அபாயம். வீட்டிலிருப்பவர் வியர்வை, பசி, நடுக்கம் கண்டு எச்சரிக்கையடைவார். மயக்க மருந்தின் கீழ்ச் செயற்கைச் சுவாசத்தில் கிடப்பவர் எதனையும் காட்டார். குழாய் வழி உணவு ஏதோ காரணத்தால் நின்றிருக்க, இன்சுலின் மட்டும் இறங்கிக்கொண்டிருப்பது இதற்கு அடிக்கடி நேரும் காரணம். இரத்த அழுத்தம் குன்றியவரிடம் விரல் நுனியில் எடுத்த இரத்தம் தவறான எண்ணைக் காட்டலாம். தமனியிலிருந்து எடுப்பதே நம்பத்தக்கது.

இன்று பெரும்பாலும் 180க்கு மேல் ஏறிய பின்பே இன்சுலின் தொடங்கி, 140க்கும் 180க்கும் இடையில் நிறுத்துகின்றனர்.

அதற்காகச் சர்க்கரையை ஏறவிட்டுவிடலாம் என்று கொள்ளலாகாது. 2021இல் கோவிட் இரண்டாம் அலையின்போது, உயிர் காக்கும் மருந்தான டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டீராய்டுகள் பலருக்குத் தேவைக்கு மேல் தரப்பட்டன. அவை சர்க்கரையை உயர்த்துபவை, எதிர்ப்பாற்றலையும் குறைப்பவை. ‘கருப்புப் பூஞ்சை’ எனப்பட்ட மியூக்கர் நோய் மூக்கு, கண்குழி, மூளை எனப் பரவி இந்தியாவில் ஆயிரக்கணக்கானோரைத் தாக்கியது. அவர்களுள் பெரும்பாலோர் நீரிழிவுடையோர். அவ்வாண்டு மே மாதம் இதனை அறிவிக்க வேண்டிய நோய்களுள் சேர்க்குமாறு மத்திய அரசு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது.

முன்பு நீரிழிவு அறியப்படாத ஒருவருக்குச் சிகிச்சையில் சர்க்கரை ஏறியிருந்தால், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ‘எச்பிஏ1சி’ சோதனை உண்மையைத் தெரிவிக்கும். இரத்தம் ஏற்றப்பட்டவரிடம் இச்சோதனை பிழைபடும். அத்தகையோர் வீடு திரும்பிச் சில மாதங்கள் கழித்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மீண்டும் சோதித்துக்கொள்ள வேண்டும்.