வாசிப்பு ஆசிரியர் பரீட்சை: நம் பிள்ளைகள் தயாராவது எப்படி?

ஆயர் தாவாரிலும் சுற்றிலுள்ள தோட்டப்புறங்களிலும் கடை நடத்தும் நம் வியாபாரச் சகோதரர்கள் இப்படிப்பட்ட பிள்ளைகளை அறிவார்கள். மீதிச் சில்லறையை மனக்கணக்கிலேயே சரியாகச் சொல்லும். சாமான் பட்டியலைக் கையில் கொடுத்தால் எழுத்தெழுத்தாகத் தடவும். புத்தியில் குறைவில்லை, படிப்பு மட்டும் வரவில்லை. இத்தகைய பிள்ளையைத் தூக்கிவிடுவதற்கென்றே பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகள் அத்தொழிலுக்குச் செல்வதாயின், எதைப் படிக்க வேண்டும், எப்படிப் படிக்க வேண்டும் என்பதை இப்பாடத்தில் கவனிப்போம்.

வேலை யாது?

நம் நாட்டு ஆரம்பப் பள்ளிகளில் இவரைக் குறைநீக்கல் ஆசிரியர் என்பர். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் பின்தங்கிய சிறு பிள்ளைகளைத் தனியே அழைத்து, குறை எங்கே என்று கண்டு, அதை நீக்குவது இவர் கடமை. மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் எல்லாப் பிள்ளைகளும் மலாய் மொழியில் எழுத்தறிவும் எண்ணறிவும் பெறவேண்டும் என்று 2010ஆம் ஆண்டு அரசாங்கம் லினுஸ் திட்டத்தைத் தொடங்கியது. மலாய் எழுத்தறிவை 12 படிகளாகப் பிரித்துச் சோதித்தார்கள். 2013இல் ஆங்கிலமும் சேர்ந்தது. அத்திட்டம் பின்னர் நிறுத்தப்பட்டது. ஆனால் வாசிக்கத் திணறும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள்.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் வாசிப்பு நிபுணராகும் ஆசிரியருக்கென்று தனி உரிமப் பரீட்சையே உண்டு. நம் நாட்டிலோ முதலில் ஆசிரியர் பயிற்சிக்குள் நுழைய வேண்டும். அண்மை ஆண்டுகளில் ஆசிரியர் கல்விக் கழகத்தின் பட்டப்படிப்புக்கு, எஸ்.பி.எம். பரீட்சையில் குறைந்தது 5 பாடங்களில் சிறப்புத் தேர்ச்சி கேட்கப்பட்டு வருகிறது. அதன்மேல் நேர்முகத் தேர்வும் உண்டு. நிபந்தனைகள் மாறக்கூடியவை, ஆதலால் அமைச்சின் அறிவிப்பை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். நமக்குத் தூரமில்லாத ஈப்போவில் அக்கழகத்தின் வளாகம் ஒன்று இருக்கிறது. 1922இல் ஆசிரியர் கல்லூரியாகத் தோன்றி இன்று பல்கலைக்கழகமாக விளங்கும் சுல்தான் இத்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமும் நம் பேராக் மாநிலத்துத் தஞ்சோங் மாலிமிலேயே இருக்கிறது.

எதைப் படிக்க வேண்டும்?

நாடுகள் வேறாயினும் இத்துறையில் கேட்கப்படும் அறிவு பெரும்பாலும் ஒன்றே. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு வெளியிட்ட அறிக்கை ஐந்து அங்கங்களை எடுத்துக் காட்டியது.

முதலாவது, ஒலியுணர்வு. 'கடை' என்ற சொல்லைக் காதால் கேட்டு அதிலுள்ள ஒலிகளைப் பிரித்துச் சொல்லும் திறன் இது. இதற்குப் புத்தகமே தேவையில்லை.

இரண்டாவது, எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு. தமிழில் 247 எழுத்துகளையும் ஒப்பித்துவிட்டால் வாசிப்பு வந்துவிட்டதென்று எண்ணலாகாது. கடை, அகம், தங்கம் ஆகிய மூன்றிலும் 'க' ஒன்றே, ஒலியோ மூன்று. 'கெ' என்பதில் கொம்பு முன்னே நிற்கிறது, அதன் ஓசையோ பின்னே வருகிறது. 'கொ' என்பதில் குறி இரு பக்கமும் நிற்கிறது. இடமிருந்து வலமாகப் படிக்கப் பழகும் குழந்தை இங்கே தடுமாறுவது இயல்பு. நம் பிள்ளைகளுக்கு இன்னொரு பாரமும் உண்டு: காலையில் பள்ளியில் தமிழும் உரோமன் எழுத்தும் இடமிருந்து வலம், மாலையில் மதரஸாவில் அரபெழுத்து வலமிருந்து இடம். இதை அறிந்த ஆசிரியர் பிள்ளையைக் கடிந்துகொள்ள மாட்டார்.

மூன்றாவது, சரளம். நான்காவது, சொல்வளம். ஐந்தாவது, பொருளுணர்தல்.

இவை எவ்வாறு இணைகின்றன என்பதை 1986இல் கஃப், டன்மர் என்னும் இரு அறிஞர்கள் எளிதாகச் சொன்னார்கள்: எழுத்தைக் கூட்டிப் படிக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் கிடைப்பதே வாசிப்பு. கூட்டல் அல்ல, பெருக்கல் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யமே. குர்ஆனை அழகாக ஓதும் சிறுவனுக்கு அரபு மொழி தெரியாதிருக்கலாம். ஓதலுக்கு அதற்குரிய சிறப்பும் நன்மையும் உண்டு. ஆயின் பாடப்புத்தகத்தையும் அவ்வாறே பொருள் அறியாது உரக்கப் படித்தால், அதை வாசிப்பென்று பரீட்சகர் ஏற்கமாட்டார்.

மாதிரிக் கேள்வி ஒன்று

இத்துறைப் பரீட்சைகளில் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளோடு, ஒரு பிள்ளையின் வாசிப்பைக் காட்டி ஆராயச் சொல்லும் கேள்வியும் வருவதுண்டு. நாம் ஒரு மாதிரி தருகிறோம்.

புத்தகத்திலுள்ள வரி: "பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு கடை உண்டு." இரண்டாம் ஆண்டுப் பிள்ளை படித்தது: "பல்லிக்குப் போகும் வழியில் ஒரு குடை உண்டு."

இரண்டு பிழை என்று எழுதி நிறுத்துபவருக்கு மதிப்பெண் சொற்பமே. 'பள்ளி' 'பல்லி' ஆனது ல, ள பேதத்தால். வீட்டுப் பேச்சில் அவ்விரண்டும் ஒன்றாகவே ஒலித்தால் பிள்ளையின் காதுக்குப் பேதம் தெரியாது. எனவே முதலில் செவிப் பயிற்சி வேண்டும். 'கடை' 'குடை' ஆனது உயிர்க்குறியைப் பாராமல் ஊகித்ததால். அதற்குக் க, கா, கி, கு வரிசையில் கண்ணுக்குப் பயிற்சி வேண்டும். மூன்றாவதாக, வழியில் குடை இருப்பதாகப் படித்தும் பிள்ளை திரும்பிப் பாராமல் சென்றது. அது பொருளைத் தேடவில்லை. ஒரே வரியில் மூன்று குறைகள், மூன்று மருந்துகள்! கணக்கு இடிக்கும்போது பேரேடு முழுவதையும் கிழித்தெறியாமல் எந்தப் பதிவில் பிசகு என்று தேடுகிறோம் அல்லவா? இதுவும் அப்படியே.

பழகும் முறை

புத்தகத்தை மனனம் செய்வதோடு நின்றால் இந்தக் கேள்விக்கு விடை எழுத வராது. வாரத்துக்கு இருமுறையாவது ஒரு பிள்ளையை அருகில் அமர்த்தி, 100 சொற்கள் கொண்ட பகுதியைப் படிக்கச் சொல்லி, சரிக்குக் கோடும் தவறுக்குப் பிள்ளை சொன்ன சொல்லும் குறித்துக்கொள்ள வேண்டும். நியூசிலாந்து அம்மையார் மேரி கிளே வகுத்த முறை இது. 95 சொற்களும் அதற்கு மேலும் சரியானால் பிள்ளை அப்புத்தகத்தைத் தானே படிக்கும்; 90 முதல் 94 வரை என்றால் ஆசிரியர் துணையோடு படிக்கலாம்; 90க்குக் கீழானால் புத்தகம் கடினம், இலேசானதைத் தேட வேண்டும். முடிவில் கதை யாதென்று கேட்டு அதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: நம் வீடுகளிலுள்ள பழைய நூல்களில், 1978இல் தமிழகத்தில் நடந்த எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்திய 'லை', 'ணை' போன்ற எழுத்துகளின் பழைய வடிவங்கள் இருக்கும். தடுமாறும் பிள்ளையிடம் அவற்றைக் கொடுக்கலாகாது.

நம் கடமை

சகோதரர்களே! பரீட்சைக்குப் படிக்கும் மகனையோ மகளையோ கடை அடைக்கும் வரை கல்லாவில் உட்கார வைத்துவிட்டு, இரவில் படி என்றால் எப்படிப் படிக்கும்? மாலையில் இரண்டு மணி நேரத்தை அதற்கென்று விட்டுக்கொடுப்போம். படித்துப் பழகப் பிள்ளை வேண்டுமென்றால், கடையில் வேலை செய்வோரின் பிள்ளைகளை அழைத்து வரச் சொல்வோம். பழகுபவருக்குப் பாடம், படிக்கும் பிள்ளைக்குப் பலன்.

ஆரம்பப் பள்ளியில் வாசிப்பைத் தவறவிட்ட பிள்ளை, மலாய் மொழியில் நடக்கும் இடைநிலைப் பள்ளிக்குச் சென்றதும் எல்லாப் பாடங்களிலும் பின்தங்குகிறது. பின்னர் பள்ளியையே வெறுக்கிறது. எட்டு வயதில் ஒருவர் அருகில் அமர்ந்து, 'பள்ளி', 'பல்லி' ஆன காரணத்தைக் கண்டிருந்தால் அந்நிலை வந்திராது. அவ்வாறு அமரக்கூடிய ஒருவரையேனும் ஒவ்வொரு கடைவீதியும் வளர்த்துக் கொடுக்குமாயின், அது நம் வட்டாரத்துக்கு நாம் செய்யும் நிலையான உதவியாகும்.