பனிப் பளிங்கும் ஒளிப்படமும்

விண்ணினின்று வீழும் வெண்பனித் துகளொன்றைக் கண்ணாடித் தட்டில் ஏந்தி நுணுக்குக்காட்டியினூடு நோக்குவார்க்கு அறுகோணக் கோலமொன்று புலனாகும். ஐங்கோணமோ எழுகோணமோ ஆகாது ஆறினையே அது நாடுவதேன் என்னும் வினாவை 1611 ஆம் ஆண்டிற் கெப்ளர் ஒரு சிறு நூலாகவே எழுப்பினார். விடை அவர் காலத்திற் கிட்டவில்லை. பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் அறுகோண ஒழுங்கிலே அடுக்கப்பட்டுள்ளன என்பதை 20 ஆம் நூற்றாண்டின் எக்சுக் கதிர் ஆராய்ச்சியே தெளிவாக்கிற்று.

உறைந்த மழைத்துளியே பனித்துகள் எனப் பலர் எண்ணுவர். அஃது அன்று. முகிலிலே தூசித் துணிக்கையொன்றைப் பற்றிய நுண்துளி முதலில் உறைகின்றது. பின்னர்ச் சூழவுள்ள நீராவி, நீராகாமலே, அதன்மேற் படிந்து அதனை வளர்க்கின்றது. மூலைகள் ஆவியினுள் நீட்டி நிற்பதால் ஏனைய இடங்களினும் விரைந்து வளர்ந்து கிளைகளாகின்றன.

இவ்வழகைப் படமாக்கியவருள் முதன்மை பெறுபவர், ஐக்கிய அமெரிக்காவின் வெர்மொன்ற் மாநிலத்து எரிக்கோ என்னும் ஊரிலே 1865 இற் பிறந்த வில்சன் பென்ற்லி என்னும் கமக்காரர். முன்னர் ஆசிரியையாயிருந்த அன்னை அளித்த பழைய நுணுக்குக்காட்டியிற் கண்டவற்றை அவர் வரைய முயன்றார்; கோடு முற்றுமுன் துகள் மறைந்தது. ஆதலின் நுணுக்குக்காட்டியோடு படக்கருவியை இணைத்தார். 1885 சனவரி 15 ஆம் நாள் முதற்படம் வாய்த்தது. அப்பொழுது அவருக்கு வயது 19. கரும்பலகையில் விழும் துகள்களைத் தெரிந்து, மெல்லிய குச்சியால் எடுத்து, இறகினால் மெதுவாகக் கண்ணாடியிற் படிய வைப்பார். மூச்சின் வெம்மையும் பகையாதலின் மூச்சையும் அடக்க வேண்டும். வேலைசெய்யும் கொட்டிலிலே நெருப்பு மூட்டவும் ஆகாது! இவ்வாறு 5,000 இற்கு மேற்பட்ட படங்கள் எடுத்தார். அவற்றுள் 2,400 வரையிலானவற்றைத் தாங்கிய பெருநூல் 1931 இல் வெளிவந்தது. அவ்வாண்டு திசம்பரிலேயே அவர் மறைந்தார்.

ஆயினும் ஒரு வழக்கு எழுந்தது. வெண்மையான துகள் கருமையான பின்னணியிலே துலங்குதற்பொருட்டு, மறிப்படத்தின் பிரதியிற் பின்னணியைக் கத்தியாற் சுரண்டுவது பென்ற்லியின் வழக்கம். அதனால் விளிம்புகள் மாறுபட்டன என்று செருமானிய வானிலை அறிஞர் ஹெல்மன் கண்டித்தார். 1893 இல் அவர் வெளியிட்ட நூலிலே, நொய்கௌஸ் எடுத்த படங்களில், ஒருபுறம் குறைந்த துகள்கள் பல காணப்பட்டன. நாம் நினைப்பது, சுரண்டலினும் தெரிவே பெரிய சிக்கல் என்பது. உடைந்தனவும் கோணியனவுமே மண்ணில் மிகுதியாக வீழ்கின்றன. முழுமையானவற்றையே தேடிப் படமாக்கிய நூலைக் காண்பவர் அவ்வுண்மையை அறியார்.

யப்பானிய பௌதிக அறிஞர் நக்காயா உக்கிச்சிரோ ஒழுங்கற்றவற்றையும் விலக்காது படம்பிடித்து வகைப்படுத்தினார். 1936 இல் ஒக்கைடோப் பல்கலைக்கழகத்தின் குளிரறையிலே, முயலின் மயிரொன்றிற் செயற்கைப் பளிங்கை வளர்த்தும் காட்டினார். சதம அளவில் -5 பாகையளவில் ஊசிகளும், ஈரம் மிகுந்த -15 பாகையளவில் கிளைத்த விண்மீன்களும் உருவாகின்றன. எனவே நடுவிலே தகடும் சுற்றிலும் இறகுபோன்ற கிளைகளும் உடைய துகளின் படத்தைக் கண்டால், அது வளருங்கால் வெப்பநிலையோ ஈரமோ மாறிற்று எனத் தரையிலிருந்தே உணரலாம்.