சிவப்பு விளக்கு சொன்ன சேதி

அம்பாசிடர் காரைத் தெரியாதவர் உண்டா? கலெக்டர் வந்தது இந்த வண்டியில். கல்யாண மாப்பிள்ளை வந்ததும் இந்த வண்டியில்தான்.

மேற்கு வங்காளத்தில், கொல்கத்தாவுக்கு அருகே உத்தரபாரா என்ற ஊர் உள்ளது. அங்கேதான் இந்தக் காரைச் செய்தார்கள். 2014-ஆம் ஆண்டு அந்த வேலை நின்றது. இனிப் புது வண்டி கிடையாது. இருக்கும் வண்டியைப் பேணித்தான் ஓட்ட வேண்டும்.

கொல்கத்தாவில் ஒரு மஞ்சள் டாக்சி. அதன் ஓட்டுநர் பீகாரிலிருந்து பிழைக்க வந்தவர். அந்த வண்டிதான் அவருக்குச் சோறு போடுகிறது.

ஒரு மழை நாள். தெருவெங்கும் தண்ணீர். தண்ணீருக்குள் இருந்த பள்ளத்தில் வண்டி குதித்தது. உடனே ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. அணையவே இல்லை.

"பழைய வண்டி அப்படித்தான் எரியும். பல்பைப் பிடுங்கிப் போடுங்கள்" என்றார் அருகில் நின்ற ஒருவர்.

ஓட்டுநர் கேட்கவில்லை. வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்தினார். அளவுக் கம்பியை எடுத்து ஆயிலைப் பார்த்தார். ஆயில் இருந்தது. ஆனால் ஆயில் இருந்தால் மட்டும் போதாது. அது அழுத்தத்தோடு ஓட வேண்டும். ஆகவே வண்டியைக் கயிறு கட்டி இழுத்து, மல்லிக் பஜாருக்குக் கொண்டு போனார். பழைய வண்டிச் சாமான்களுக்குப் பேர்போன இடம் அது. அன்றைய வருமானம் போயிற்று.

"நல்லது செய்தாய், தம்பி. விளக்கு மெய்யும் சொல்லும், பொய்யும் சொல்லும். பொய் என்று தெரியும் வரை மெய் என்றே நம்ப வேண்டும்" என்றார் மெக்கானிக்.

"எப்படித் தெரிந்துகொள்வது, அண்ணே?"

"எஞ்சினில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. ஆயில் அழுத்தம் குறைந்தால் அது விளக்கை எரிய வைக்கும். அழுத்தம் வந்தால் அணைக்கும்."

மெக்கானிக் சாவியைத் திருப்பினார். எஞ்சினை ஓட்டவில்லை. சுவிட்சிலிருந்து வயரைக் கழற்றி, இரும்பில் படாமல் பிடித்தார். விளக்கு அணைய வேண்டும். அணையவில்லை.

"அப்படியானால் வயர் வேறு எங்கோ இரும்பைத் தொடுகிறது" என்றார். வயரைத் தடவிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் மேலுறை தேய்ந்து செம்பு தெரிந்தது. அந்த வயரை மாற்றினார். பிறகு அழுத்தமானியை மாட்டி, எஞ்சினை ஓட்டிப் பார்த்தார். அழுத்தம் சரியாக இருந்தது. விளக்கும் அணைந்தது.

"விளக்கு மெய் சொல்லியிருந்தால்?"

"பேரிங் தேய்ந்து, எஞ்சினே இறுகிப் போயிருக்கும். ஒரு நாள் கூலியோடு தப்பித்தாய்."

நினைவில் வைப்போம்

1. சாவியைத் திருப்பியதும் ஆயில் விளக்கும் சார்ஜ் விளக்கும் எரிய வேண்டும். எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். எரியாத விளக்கு ஆபத்தானது. பல்பு போயிருக்கலாம். வயர் கழன்றிருக்கலாம்.

2. ஓடும்போது சார்ஜ் விளக்கு எரிந்தால், வண்டியை நிறுத்தி ஃபேன் பெல்ட்டைப் பாருங்கள். அம்பாசிடரில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்தால் எஞ்சின் கொதிக்கும்.

3. எல்லா மீட்டர்களும் ஒரே நேரத்தில் நின்றால், முதலில் ஃபியூஸைப் பாருங்கள். அடுத்து எர்த் வயரைப் பாருங்கள். ஈரத்தில் அது துருப்பிடிக்கும்.

4. எரிபொருள் முள் மட்டும் தவறாகக் காட்டினால், டாங்கில் உள்ள மிதவையோ அதன் வயரோ கெட்டிருக்கலாம். டாங்க் அருகே தீப்பொறி கூடாது. இதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

5. ஃபியூஸில் ஓர் எண் இருக்கும். அதைப் படித்து, அதே எண் உள்ள ஃபியூஸை வாங்குங்கள். வெறும் கம்பியைச் சுற்றினால் வண்டி தீப்பிடிக்கலாம்.

பதில் எழுதுக

1. ஓட்டுநர் ஏன் பல்பைப் பிடுங்கவில்லை?
2. வயரைக் கழற்றியும் விளக்கு ஏன் எரிந்தது?
3. உங்கள் ஊர் ஓட்டுநர் ஒருவரிடம் கேளுங்கள். அவர் வண்டியில் சாவியைத் திருப்பியதும் எந்தெந்த விளக்குகள் எரிகின்றன?