மூளைக் கட்டியும் மின்சார வைத்தியமும்



மின்சாரத்தால் மூளைப் புற்றை மட்டுப்படுத்துகிறார்களாமே என்று நம் கடைக்கு வருவோர் கேட்கின்றனர். நாம் வைத்தியரல்லர், படித்தறிந்ததை எழுதுகிறோம்.

கிளையோபிளாஸ்டோமா என்னும் கொடிய மூளைக் கட்டிக்கு இந்த வைத்தியம். ஹைஃபா நகர் டெக்னியான் கலாசாலைப் பேராசிரியர் யோரம் பால்டியும் அவர் குழுவினரும் 2004-ல் இதன் ஆராய்ச்சியை வெளியிட்டனர். திரும்பி வந்த கட்டிக்கு 2011-லும், புதிதாகக் கண்ட கட்டிக்கு 2015-லும் அமெரிக்க அரசாங்கம் அனுமதி தந்தது.

விஷயம் யாதெனில், ஓர் உயிரணு இரண்டாகுமுன் தன் குரோமோசோம்களை இரு பங்காக்கி இரு பக்கமும் இழுக்க வேண்டும். இழுக்கும் கயிறுகளோ டியூபுலின் என்னும் புரதத் துணுக்குகளை அடுக்கிக் கட்டியவை. அத்துணுக்கின் ஒரு முனையில் நேர் மின்னும் மறுமுனையில் எதிர் மின்னும் மிகுந்திருக்கும். தலையில் ஒட்டும் தகடுகள் வழியே வரும் மின்புலம் வினாடிக்கு இரண்டு லட்சம் சுற்று திசை மாறி மாறி அடிக்கிறது. காந்தத்தை ஆட்டிக்கொண்டே இருந்தால் திசைகாட்டி ஊசி நிலைகொள்ளுமா? அதுபோலத் துணுக்குகளும் அடுக்கில் ஒழுங்காகச் சேர்வதில்லை என்பது ஆராய்ச்சியாளர் கொள்கை. பிரியும் தறுவாயில் அணு சுரைக்குடுக்கைபோல் இடை சிறுக்கும். அங்கே மின்புலம் குவிந்து உள்ளிருப்பவற்றைத் தன்பால் இழுக்கிறது. முடிவில், பாகப்பிரிவினையில் ஒருவனுக்குக் கூடுதலும் மற்றவனுக்குக் குறைவும் எழுதினாற்போல் குரோமோசோம்கள் தாறுமாறாகப் பங்காகி, அணுக்கள் பல மடிகின்றன.

வளர்ந்தவரின் நரம்பணுக்கள் பெரும்பாலும் பிரிவதில்லை. அதனால் அவை தப்புகின்றன. இத்தனை வேகத்தில் திசை மாறும் மின்சாரம் நரம்பைத் தூண்டுவதுமில்லை. ஆகவே இது 'ஷாக்' வைத்தியமன்று. கடைத்தெருவில் விற்கும் காந்த வளையல், மின்சாரப் பட்டைகளுக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை.

பிரியும் வேளையிலேயே அணுவைப் பிடிக்க வேண்டியிருப்பதால், தலையை மழித்து, நாளொன்றுக்குப் பதினெட்டு மணி நேரமாவது தகடுகளை அணிந்து, பாட்டரியைத் தோளில் சுமக்க வேண்டும். தோல் சிவந்து புண்ணாவதும் உண்டு.

இலாபமென்ன? 695 நோயாளிகளை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2017-ல் வந்தது. மாத்திரை மட்டும் உண்டவரில் பாதிப்பேர் 16 மாதம் கடந்தனர். மின்புலமும் சேர்த்துக்கொண்டவரில் பாதிப்பேர் ஏறக்குறைய 21 மாதம் கடந்தனர். ஐந்தாண்டு கடந்தவர், நூற்றுக்கு 5 பேர் என்பது 13 பேராயிற்று. மற்றத் தரப்பாருக்குப் போலிக் கருவி மாட்டி ஒப்பிடவில்லையே என்று குறை சொல்லும் வைத்தியர்களும் உண்டு. அக்குறை நியாயமென்றே நமக்கும் படுகிறது. ஆயினும் குழந்தை குட்டியுள்ள வீட்டில் ஐந்து மாதம் சிறிதன்று. புதிதாகக் கண்ட கட்டிக்கு, அறுவை, கதிர், மாத்திரை ஆகியவற்றுக்குத் துணையாகவே இதைக் கொடுக்கிறார்கள். அவற்றை நிறுத்திவிட்டு அல்ல.