எதிரொலியும் ஒரு பேச்சே

பேச்சு வந்த பின்னரும் உரையாடல் வராத பிள்ளைகள் சிலர் உண்டு. "சோறு வேண்டுமா?" என்று தாய் கேட்டால், பிள்ளையும் "சோறு வேண்டுமா?" என்றே திருப்பிச் சொல்லும், தாயின் முகத்தையும் நோக்காது. லயத்தில் உள்ளோர் "கிளிப்பிள்ளை" என நகைப்பர். கேலி செய்வதாக எண்ணித் தந்தையார் கையை ஓங்குவதும் உண்டு. ஆட்டிசம் எனும் இயல்பைப் பற்றிச் சிறிது அறிந்திருந்தால் ஓங்கிய கை தாழ்ந்துவிடும்.

1943ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் லியோ கானர் 11 பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். "ஆம்" என்று கூற அறியாத பிள்ளை, கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்லித் தன் சம்மதத்தைத் தெரிவிப்பதை அவர் அதிலேயே குறித்துள்ளார். ஆயினும், பின்வந்தோர் பலர் இவ்வெதிரொலியைப் பொருளற்றதெனக் கருதி அடக்கவே முற்பட்டனர். (தாயின் அன்புக் குறைவே ஆட்டிசத்திற்குக் காரணம் என்று பழி சுமத்திய காலமும் ஒன்றிருந்தது. அது முற்றிலும் பொய்யென நிறுவப்பட்டுவிட்டது.) 1981இல் பிரிசான்ட், டூக்கன் எனும் இருவர், 4 பிள்ளைகளின் பேச்சைப் படக்கருவியில் பதிந்து நுணுகி ஆராய்ந்தனர். எதிரொலிக்கு 7 வகைப் பயன்பாடுகள் இருத்தலைக் கண்டனர். சம்மதம் தெரிவித்தல், ஒன்றை வேண்டுதல், விடை கூறுமுன் ஒத்திகை பார்த்தல், தன்னைத் தானே அடக்கிக்கொள்ளுதல் ஆகியன அவற்றுட் சில.

ஆகவே பெற்றோர்களே, சொல்லை மட்டும் கேளாதீர்கள். சொல்லும்போது பிள்ளையின் கை எங்கே நீள்கிறது என்பதையும் பாருங்கள். தட்டை நோக்கி நீண்டால் அது விடையே. அவ்வேளையில் "எனக்குச் சோறு வேண்டும்" என்று பிள்ளையின் வாய்மொழியாக நீங்களே சொல்லிச் சோற்றைக் கொடுங்கள். அடுத்த முறை திரும்பி வரும் எதிரொலி, பிள்ளைக்குப் பயன்படும் வாக்கியமாக இருக்கும். கேள்வியை ஒரு முறை கேட்டுவிட்டு, மனத்திற்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். முகவாயைப் பிடித்து "என் கண்ணைப் பார்" என்று வற்புறுத்த வேண்டாம். கண்ணைப் பார்த்தால் காது கேட்பது தடைப்படுகிறது என்று ஆட்டிசமுடைய பெரியவர்கள் பலரே கூறியிருக்கின்றனர். பேச்சே வராத பிள்ளை படத்தைக் காட்டிக் கேட்கலாம். அதனால் பேச்சு வருவது தடைப்படாது.

கற்க வேண்டியது பிள்ளை மட்டுமன்று. 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு கதையை ஒருவர் மற்றொருவருக்குச் சொல்ல, எண்மர் வரிசையாகக் கடத்தினர். ஆட்டிசமுடையோர் மட்டுமே இருந்த வரிசையில், ஏனையோர் வரிசையைப் போலவே கதை நன்கு நிலைத்தது. இரு சாராரும் கலந்த வரிசையிலேதான் அதிகம் சிதைந்தது. குறை ஒருவரிடத்தன்று, இருவருக்கும் இடையில் உள்ளது என்பதே இதனாற் பெறப்படும். அண்ணன் தங்கையரும் அண்டை வீட்டாரும் பிள்ளையின் முறையை அறிந்துகொள்ளுதல் நன்று.

ஐயம் தோன்றினால் அரசாங்கச் சுகாதார நிலையத்தை உடனே நாடுங்கள். செல்லுமுன் ஒரு தாளில், பிள்ளை திருப்பிச் சொல்லும் சொற்களையும் அப்போது நடந்தவற்றையும் ஒரு வாரம் குறித்துவைத்து எடுத்துச் செல்லுங்கள்.