கும்பிடுபூச்சி தோல் உரிக்கும்போது

அசுவினி, அந்துப்பூச்சி, வெட்டுக்கிளி என்று கிடைத்ததைப் பிடித்துத் தின்னும் கும்பிடுபூச்சியை வயலின் காவல்காரன் என்று சொல்லிக்கொடுக்கிறோம். கேட்ட பிள்ளைகள் ஒன்றைப் பிடித்து பாட்டிலில் போட்டு வளர்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பூச்சியோடு பழகிய பிள்ளை நாளைக்கு மருந்து டப்பாவை எடுக்கும் முன்னால் கொஞ்சம் யோசிக்கும். ஆனால் அப்படி வளர்ப்பதில் பசியால் செத்ததைவிட, தோல் உரிக்கும்போது செத்ததைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

போன சித்திரையில் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருக்கும் தங்கை வீட்டுக்குப் போனபோது, அவள் பேரன் ஊறுகாய் பாட்டிலை நீட்டினான்.

"தாத்தா, பெருமாள் பூச்சி ரெண்டு நாளா எதையும் தொட மாட்டேங்குது. செத்துடுமா?"

வயிறு உப்பி, நிறம் மங்கி இருந்தது. "சாவாதுடா, சட்டை மாத்தப் போவுது" என்றேன்.

கும்பிடுபூச்சி பெரியதாவதற்குள் ஆறு முதல் ஒன்பது தடவை தோல் உரிக்கும். தலைகீழாகத் தொங்கினால்தான் முடியும். முதுகுப்பக்கம் பழைய தோல் வெடித்து, உடம்பு தன் எடையாலேயே கீழே வழுகி வரும். அதனால் உயரம் முக்கியம்: பூச்சியின் நீளத்தைப்போல மூன்று மடங்காவது வேண்டும். கண்ணாடியிலும் பிளாஸ்டிக் மூடியிலும் கால் பிடிக்காது. மூடியை எடுத்துவிட்டு கொசுவலைத் துணியைக் கட்டுங்கள், சொரசொரப்பான குச்சி ஒன்றும் வையுங்கள். உள்ளே விட்ட உயிருள்ள வெட்டுக்கிளியை வெளியே எடுத்துவிட வேண்டும். தோல் உரித்த புதிதில் உடம்பு வெண்ணெய் மாதிரி இருக்கும், இரையே அதைக் கடித்துவிடும்.

அடுத்தது ஈரம். சித்திரை வெயிலில், மின்விசிறிக் காற்றில், தோல் காய்ந்து காலோடு ஒட்டிக்கொள்கிறது. ஈரத்துணியைப் பக்கத்தில் வைத்து, பாட்டில் சுவரில் லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும். உரிக்கிற பூச்சிமேல் தெளிக்காதீர்கள்.

அன்று ராத்திரியே அது உரித்தது. நடுக்கால் ஒன்று மட்டும் பழைய தோலில் மாட்டிக்கொண்டது. பேரன் இழுத்துவிடக் கை நீட்டினான், தடுத்தேன். அப்போது இழுத்தால் காலோடு வந்துவிடும். ஈரத்துணியால் பாட்டிலை மூடி ஒரு மணி நேரம் விட்டோம். பிறகும் வராததால், நனைத்த ஓவியத் தூரிகையால் அந்தத் தோலை மட்டும் ஊறவைத்தேன். தோல் வந்தது, கால் வளைந்தே நின்றது. இளம்பூச்சி என்பதால் பயமில்லை. கால் உதிர்ந்தாலும் அடுத்தடுத்த உரிப்புகளில் சிறிதாக முளைக்கும். சிறகு வந்த பிறகென்றால் அந்த வழி இல்லை, ஏனென்றால் அதற்கப்புறம் உரிப்பே கிடையாது. உடம்பு இறுகும்வரை ஒரு நாள் இரை போடவில்லை.

"பட்டுப்புழுவும் இப்படித்தானா?" என்றாள் தங்கை. பட்டு நெய்தே வயசானவள், புழுவைப் பார்த்ததில்லை. நூல்தான் கர்நாடகத்திலிருந்து வந்துவிடுகிறதே. பட்டுப்புழு நான்கு தடவை உரிக்கும். அப்போது இலை போடுவதை நிறுத்தி, தொடாமல் விடுவார்கள். ஆனால் படுக்கை காய்ந்திருக்க வேண்டும் என்று சுண்ணாம்புத்தூள் தூவுவார்கள். கும்பிடுபூச்சிக்கு அதுவே எமன்.

இந்த உரிப்பை நடத்துகிற சுரப்புநீர்தான் எக்டைசோன். 1954இல் ஜெர்மனியில் பூட்டெனாண்ட், கார்ல்சன் இருவரும் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுவை அரைத்து, வெறும் 25 மில்லிகிராம் பிரித்தெடுத்தார்கள். நம்ம வேப்பங்கொட்டைச் சாற்றில் உள்ள அசாடிராக்டின் இந்தச் சுரப்பைத்தான் குழப்புகிறது. இலையோடு தின்கிற புழு உரிக்க முடியாமல் சாகிறது. இரை பிடிக்கும் பூச்சிகளுக்கு அவ்வளவு பாதிப்பில்லை என்றாலும், வேப்பங்கரைசல் அடித்த செடியில் பிடித்த புழுவைப் பாட்டிலில் இருப்பதற்குப் போடாதீர்கள். கடையில் விற்கும் புப்ரோபெசின் மருந்தும் உரிப்பைக் கெடுத்துத்தான் கொல்கிறது. அதை அடித்த நெல் வயல் பக்கம் இரை தேடவே போக வேண்டாம்.

கடைசி உரிப்பில் சிறகு விரிந்து காய்ந்ததும் காய்கறித் தோட்டத்தில் விட்டுவிடலாம். தேனீப் பெட்டி இருந்தால் தள்ளி விடுங்கள், தேனீயையும் பிடித்துத் தின்னும்.